அடிபட்ட பெண்ணை மலை ஏறச் சொன்னவன்

முருகன் துணை.

1

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் பகுதிப் பத்திரிகையின் ஆசிரியர் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒட்டகம், பேரீச்சம்பழம், வானத்தைத் தொடும் கட்டடம் என்று எழுதினால் குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை எல்லோரும் விரும்பிப் படிப்பார்கள் என்றார். நான் எட்டாவது வரை படித்தவன். ஒட்டகத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. இந்த எட்டு வருஷத்தில் நான் அதிகமாகப் பார்த்தது குவாட் பைக்கின் அடிவயிற்றைத்தான்.

குவாட் பைக் என்பது காரைப் போல நான்கு சக்கரமும், மோட்டார் சைக்கிளைப் போல சீட்டும் ஹேண்டில்பாரும் உள்ள வண்டி. ரோட்டில் ஓட்டக் கூடாது. மணல்மேட்டில் ஏறி இறங்குவதற்கென்றே செய்தது. ஷார்ஜாவிலிருந்து ஒரு மணி நேரம் பாலைவனத்துக்குள் வந்தால் இந்த வண்டிகளை வாடகைக்கு விடும் கேம்ப் ஒன்றில் நான் மெக்கானிக். அதற்கு முன் படப்பை பக்கம் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தேன். வயல்களெல்லாம் கம்பெனிகளாக மாறியதும் டிராக்டர் குறைந்தது. 2006-ல் இங்கே வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் மேட்டின் உச்சியில் வண்டியைத் திருப்பப் போய் குடைசாய்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் எழுந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் இல்லை. ஆனால் சட்டையில், இடது விலாவுக்குக் கீழே, ஹேண்டில் முனையின் கிரீஸ் வட்டமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"நோ ஸ்டாண்டு! நோ வாட்டர்! படும்மா, படு!" என்று எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கத்தினேன். அவள் எழப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து மணலில் அழுத்தினேன். அவள் பயந்துபோய் அலறினாள். அவளுடைய சிநேகிதர்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்துதான் விட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. வெறும் கன்றிப்போன காயம். அவள் புகார் கொடுத்தாள். மேனேஜர் எல்லோர் எதிரிலும், "வாங்க டாக்டர் சாப்! இன்றைக்கு எத்தனை ஆபரேஷன்?" என்றார். அன்றிலிருந்து என்னை வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று அங்கே யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

2011-ல் காணும் பொங்கல் அன்று நடந்தது. என் மனைவி செல்வியும், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் ஒரே மகள் கார்த்திகாவும் குன்றத்தூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒரகடத்துக்குப் பின்னால் ஒரு மனைப்பிரிவைப் பார்த்து வரும்படி நான்தான் சொல்லியிருந்தேன். அப்போது அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் மனை விற்றார்கள் அல்லவா? இலவச வேன், இலவசப் பிரியாணி. இந்த இடத்தில் இன்னொன்றும் வைத்திருந்தார்கள். மனை பார்க்க வருகிற குடும்பத்துப் பிள்ளைகள் ஓட்டிப் பார்க்க ஒரு குவாட் பைக்.

"சும்மா ஒரு ரவுண்டு போம்மா, ஃப்ரீதான். உங்க மனையை நீயே சுத்திப் பாரு" என்று டை கட்டிய ஆள் ஒருவர் சொல்லியிருக்கிறார். கார்த்திகாவுக்கு ஆசை. அப்பா தினமும் கையில் பிடிக்கிற வண்டி என்று ஏறினாளாம். இதைச் செல்வி எனக்குப் பிறகு சொன்னாள். 

ஹெல்மெட் கிடையாது. பழக்கிவிட ஆள் கிடையாது. கோரைப்புல்லுக்குள் மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கல் ஒன்று மறைந்திருந்தது. முன்சக்கரம் அதன்மேல் ஏறியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. விழும்போது ஹேண்டில் முனை அவள் வயிற்றில் குத்தியது.

செல்வி எனக்குப் போன் செய்தாள். அப்போது இங்கே காலை பத்து மணி. நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்து செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள்.

"ஏங்க, பதறாதீங்க. பாப்பா அந்த நாலு சக்கர வண்டியில ஏறி கீழ வியுந்துட்டா."

"ரத்தம் வருதா?"

"ஒரு சொட்டு இல்ல. ஹேண்டிலு வயித்தாண்ட இடிச்சிருக்குது. தோள் வலிக்குதுன்றா, இடது பக்கம்."

"எயுந்து நடக்கிறாளா?"

"நடக்கிறா. மூஞ்சிதான் வெளுத்துக்கீது. நூத்தியெட்டு ஆம்புலன்சுக்குப் போன் போடட்டாங்க? இங்க ஒருத்தர் போடுங்கன்றாரு."

"நூத்தியெட்டு வந்தா பின்னாடியே போலீசு வரும். வயசுப் பொண்ணு வண்டி ஓட்டி வியுந்துச்சுன்னு பேப்பர்ல போடுவான். ரத்தம் வரல இல்ல? முருகன் காப்பாத்திட்டான். நேரா மலைக் கோயிலுக்குப் போயி சூடம் ஏத்திட்டு வூட்டுக்குப் போங்க. தோளுக்குத் தைலம் தேய்ச்சு வுடு."

"டாக்டராண்ட காட்டிட்டு அப்பறமா மலைக்குப் போலாங்க."

"சாமிக்கு அப்பறம்தான் டாக்டரு. சொன்னதைச் செய் செல்வி, எனக்கு இங்க ஆளு நிக்குது."

போனை வைத்துவிட்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போனேன். மனசில் நிம்மதியாக இருந்தது. முருகனுக்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

3

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேம்பில் வேலை செய்பவர்களுக்கு முதலுதவி வகுப்பு நடந்திருந்தது. விபத்துக்கு ஆறு மாதம் முன்னால். ஒருவர் ரப்பர் பொம்மை கொண்டுவந்து இரண்டு நாள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் பாடம் எடுத்தார். எனக்குப் பாதி புரியவில்லை. எல்லோரும் தலையாட்டும்போது நானும் ஆட்டினேன். "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால் "யெஸ் சார்" என்றேன். கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் போட்டோ ஒட்டிய சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார்கள். ஊருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அண்ணன் அதைப் பத்துப் பேருக்குக் காட்டினார்.

கார்த்திகாவின் ஆபரேஷன் முடிந்த பிறகு, பக்கத்து அறையில் இருந்த ஒரு மலையாளியிடம் அந்த வகுப்புத் தாளைக் கொடுத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஹேண்டில் வயிற்றில் பட்டிருந்தால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் உள்ளே ரத்தம் கசியலாம். இடது தோள் வலித்தால் அது தோளில் பட்ட அடி என்று நினைக்காதே, வயிற்றுக்குள் கசியும் ரத்தம் அப்படி வலி காட்டும். எழுந்திருக்க விடாதே. தண்ணீர் கொடுக்காதே. உடனே ஆம்புலன்ஸ்.

அந்த மலையாளி படித்துவிட்டு, "எந்தா சேட்டா, இது நீங்கள் படிச்சதல்லே?" என்றார். படித்ததுதான். எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

4

காணும் பொங்கலன்று குன்றத்தூர் மலைக் கோயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்திலேயே நெரிசல். படியில் ஏறும்போது கார்த்திகா இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். வெறும் வயிறு, மயக்கம் என்று நினைத்துச் செல்வி எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். அதை அப்படியே வாந்தி எடுத்தாள்.

"அம்மா, வூட்டுக்குப் போலாம்மா."

"கொஞ்சம் பொறுத்துக்கோடி கண்ணு. அப்பா சொல்லிருக்காரு."

வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார்கள். சன்னதிக்குப் பக்கத்தில் வரும்போது கார்த்திகா நின்ற வாக்கிலேயே சரிந்தாள். சாமி வந்துவிட்டது என்று நினைத்து யாரோ நெற்றியில் விபூதி பூசினார்களாம். உடம்பு ஜில்லென்று இருந்ததைச் செல்விதான் தொட்டுப் பார்த்தாள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

முதலில் போன நர்சிங் ஹோமில் ஸ்கேன் எடுத்துவிட்டு, வயிறு முழுக்க ரத்தம், எங்களால் முடியாது என்று வேறு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பதினொன்றரைக்கு அடிபட்டிருக்கு. இப்ப மணி நாலு. நடுவுல எங்கம்மா போனீங்க?"

"மலைக்கு, டாக்டர். நான்தான் கூட்டிக்கினு போனேன்."

புருஷன்தான் போகச் சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் என் அண்ணனும் அண்ணியும் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது இதுதான்.

மண்ணீரல் கிழிந்திருந்தது. எடுத்துவிட்டார்கள். நிறைய ரத்தம் தேவைப்பட்டது. எங்கள் வீட்டு மாடியில் அறை எடுத்திருந்த தென்காசிப் பக்கத்துப் பையன்கள், கம்பெனியில் ஷிப்ட் முடித்து யூனிபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்தார்களாம். "அழாதிய அக்கா, நாங்க நாலு பேரு இருக்கோம்லா" என்று ஒருவன் சொன்னதைச் செல்வி இன்றும் சொல்வாள். அவர்கள் ரத்தத்தில்தான் என் பெண் பிழைத்தாள். முருகன் அந்தப் பிள்ளைகளை எங்கிருந்தாலும் நன்றாக வைத்திருக்க வேண்டும்.

சாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. சிலர் கேட்கிறார்கள். முருகன் என்ன செய்வான்? டாக்டரிடம் போகாதே என்று அவன் சொல்லவில்லை. அவன் பேரைச் சொல்லி நான் சொன்னேன்.

5

நான் உடனே கிளம்பவில்லை. கிளம்ப விடவில்லை என்பதும் உண்மை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. லீவ் கேட்டதற்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் வந்தது. அதில் இருசக்கர வாகன விபத்து என்று போட்டிருந்தது. நான் கொடுத்த விண்ணப்பத்தில் நான்கு சக்கர வண்டி என்று எழுதியிருந்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை, பொய்க் கடிதமாக இருக்கலாம் என்று திருப்பிவிட்டார்கள். குவாட் பைக் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற கம்பெனிக்கு, குவாட் பைக்கில் ஒருத்தி விழுந்தாள் என்று புரியவைக்க எனக்கு இருபத்தாறு நாள் ஆயிற்று.

அங்கே செல்வி போலீஸ் ஸ்டேஷனில் இதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"வண்டி நம்பர் சொல்லும்மா."

"நம்பரே இல்ல சார் அந்த வண்டிக்கு."

"எந்த ரோட்டுல நடந்துது?"

"ரோட்டுல இல்ல சார், பிளாட்டுல."

"நம்பர் இல்ல, ரோடு இல்ல. இது ஆக்சிடென்ட்டுல எந்தக் கணக்குலம்மா வரும்? மாட்டு வண்டியிலேருந்து வியுந்தாப்பலன்னு எழுதட்டா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். மனை விற்றவர்களிடம் போனால், அப்படி ஒரு வண்டியே எங்களிடம் இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். கொட்டகை போட்டிருந்த இடத்தில் டயர் தடம் மட்டும் இருந்தது.

6

கடைசியில் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கார்த்திகா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை தையல். டாக்டர் என்னிடம் நிதானமாகச் சொன்னார். மண்ணீரல் இல்லாத உடம்பில் கிருமி நுழைந்தால் வேகமாகப் பரவும். அதற்கென்று சில தடுப்பூசிகள் உண்டு, அவற்றைத் தவறாமல் போட வேண்டும். ஜுரம் வந்தால் கஷாயம், கைவைத்தியம் என்று வீட்டில் உட்காரக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. எந்த டாக்டரிடம் போனாலும் மண்ணீரல் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க இப்படித்தான்.

அதே வாரத்தில் அண்ணனும் அண்ணியும் எங்களைப் பார்க்க வந்தார்கள். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு செல்வியைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டிக்கினு கீது, இவ சூடம் ஏத்தப் போயிருக்கா. எந்த வூட்டுலயாவது இப்படி நடக்குமா?"

அண்ணி விட்டாளா? "படிக்காதவளா இருந்தாலும் பெத்தவளுக்குத் தெரிய வேணாமா? இவ புருஷன் பாவம், அங்க பாலைவனத்துல வெந்துட்டு வந்துக்கீறான்."

செல்வி அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அண்ணன் எனக்கு அப்பா மாதிரி. கண்ணாடி போட்ட சான்றிதழைப் பத்துப் பேரிடம் காட்டியவர். பத்து நாள் லீவில் வந்திருக்கிறோம், போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போகும்போது, அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று வருஷம் போய்விட்டது. அதற்குள் அந்தப் பேச்சு எங்கள் தெரு, அண்ணன் ஊர், சொந்தபந்தம் எல்லாம் சுற்றிவிட்டது. செல்வி ஒரு கல்யாணத்துக்குப் போனால், "இதான் அந்த மலைக்குக் கூட்டிக்கினு போனவ" என்று காதுபடச் சொல்வார்களாம். அவள் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

கார்த்திகாவும் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். டிப்ளமோ முடித்து இப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். முதலில் போன கம்பெனியில் மெடிக்கல் செக்கப்பில் தழும்பைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்களாம். அதுவே செல்வி சொல்லித்தான் தெரியும். நான் போன் செய்தால் "ம்", "சாப்ட்டேன்", "ஓடி கீது, அம்மாகிட்ட தரேன்". ஓடி என்றால் ஓவர்டைம். வளர்ந்துவிட்டாள், வேலை, தோழிகள், அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். மலைக்கு மட்டும் அவள் அதற்குப் பிறகு வரவே இல்லை.

7

அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் விழுந்து இரண்டு நாள் கழித்து, வண்டி கழுவும் இடத்திலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் கார்த்திகாவுக்குப் போன் செய்தேன். அன்று அவளுக்கு வார விடுமுறை. "அம்மாகிட்ட தரேன்" என்றாள். வேண்டாம், உன்னிடம்தான் பேச வேண்டும் என்றேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன்.

"பாப்பா, அன்னிக்கு உன்னை மலைக்குக் கூட்டிக்கினு போகச் சொன்னது அம்மா இல்ல. நான். அம்மா டாக்டராண்ட போலாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."



"தெரியும்பா."

"அம்மா சொன்னாளா?"

"அம்மா எங்க சொல்லுவாங்க? அன்னிக்குப் போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவளே பேசினாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான்.

"நீ மலைக்குப் போகச் சொன்னது எனக்குப் பெருசா தெரியலப்பா. நீ எப்பவும் அப்படித்தான், எதுன்னாலும் முருகாம்ப. பெரியப்பா வந்து அம்மாவைத் திட்டினாரே, அன்னிக்கு உள்ள ரூம்ல படுத்துக்கினு கதவு சந்து வழியா உன்னையேதான் பாத்துக்கினு இருந்தேன். இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு. நீ காபி குடிச்ச. ஆத்தி ஆத்திக் குடிச்ச."

"தப்புதான் பாப்பா."

"எங்கிட்ட ஏன் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. பெரியப்பாகிட்ட சொல்லு."

அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு, "சேகரு, இதை ஏன்டா இப்ப கிளர்ற? நீ ஆயிரம் மைல் அந்தாண்டேருந்து ஆயிரம் சொல்லுவ. கூட இருந்தவளுக்குப் புத்தி வேணாமா?" என்றார்.

"அவளுக்குப் புத்தி இருந்துச்சுண்ணா. நான்தான் அதைக் கேக்கல" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன்.

மறுநாள் செல்வி கூப்பிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, மனசு லேசாகிவிட்டது என்பாள் என்று நினைத்தேன்.

"உங்க அண்ணனாண்ட சொன்னீங்களாமே."

"சொன்னேன் செல்வி."

"மூணு வருசம் கயிச்சு ஒருத்தர்கிட்ட. மீதிப் பேருகிட்ட எப்ப சொல்லுவீங்க? நான் வேணா லிஸ்ட் குடுக்கட்டா?"

கேலி செய்கிறாள் என்று சிரிக்கப் போனேன். அவள் கேலி செய்யவில்லை. "எயுதிக்கிங்க" என்றாள். சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, சோப்பு அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். யார், எந்த இடத்தில், என்ன சொன்னார்கள் என்று ஒன்றின்பின் ஒன்றாகச் சொன்னாள். வளைகாப்பில் ஒருத்தி. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர். அவளுடைய சொந்தத் தம்பி பெண்டாட்டி. ஒரு பேரைக்கூட அவள் யோசித்துச் சொல்லவில்லை. பதினோரு பேர். எழுதி முடித்ததும், "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இந்த மூன்று வாரத்தில் எட்டுப் பேருக்குப் போன் செய்துவிட்டேன். சிலர் "அடப் பாவமே" என்றார்கள். ஒருவர், பெண்டாட்டியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய் என்றார். அவருக்கு மறுநாளும் போன் செய்தேன்.

மீதி மூன்று பேரின் நம்பர் எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் என்று செல்வி சொன்னாள். அதனால்தான் ஆசிரியர் கேட்ட ஒட்டகத்தை விட்டுவிட்டு இதை எழுதியிருக்கிறேன். பேரைப் போடவில்லை. அந்த மூன்று பேர் நீங்கள்தான் என்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும். இனிமேல் எங்கேயாவது செல்வியைப் பார்த்தால், அந்தப் பேச்சு வாயில் வருவதற்கு முன்னால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் டாக்டரிடம் போகலாம் என்றுதான் சொன்னாள். கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் என்னைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் மத்தியானம் போனை எடுப்பேன்.